ஹாப்ஸ் வளர்ப்பு: வேர்த்துண்டு நடுவதிலிருந்து புது ரகம் எடுப்பது வரை

பியருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடியான ஹாப்ஸின் முற்றிய கூம்பு ஒன்றை நகத்தால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். காகிதம் போன்ற மெல்லிய பச்சை இதழ்கள் ஒரு நடுத்தண்டைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அந்த இதழ்களின் அடிப்பகுதியில், தண்டோடு சேரும் இடத்தில், மகரந்தம் போன்ற மஞ்சள் துகள்கள் ஒட்டியிருக்கும். இரு விரல்களுக்கு நடுவே தேய்த்தால் அவை பிசினாகிக் கையில் ஒட்டிக்கொள்ளும்; ரகத்தைப் பொறுத்து எலுமிச்சைத் தோல், பைன் மரப்பிசின், புதிதாய் வெட்டிய புல், மிளகு என்று ஏதேனும் ஒரு மணம் எழும். லுபுலின் எனப்படும் அந்தத் துகள்களில்தான் பியருக்குக் கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலங்களும் மணத்தைத் தரும் எண்ணெய்களும் உள்ளன. கொடி, பந்தல், உரம், அறுவடை அனைத்தும் அந்த மஞ்சள் துகளை உருவாக்கி, கெடாமல் பியர் காய்ச்சும் கொதிகலம் வரை கொண்டுசேர்ப்பதற்காகவே.

புதிதாக வளர்க்க வருபவர்கள் பெரும்பாலும் எந்த ரகம் வாங்குவது, பந்தலை எவ்வளவு உயரம் போடுவது என்பவற்றிலேயே கவனத்தைச் செலவிடுகிறார்கள். அவை முக்கியமானவைதாம். ஆனால் நல்ல கூம்பைக் கெடுப்பதும் காப்பதும் பறித்த பிறகு வரும் இரண்டு மூன்று நாட்கள்தான் என்பது என் உறுதியான கருத்து. அதனால் இந்தக் கட்டுரையில் உலர்த்தலைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

கொடியின் இயல்பு

ஹாப்ஸ் கஞ்சா செடியின் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுக் கொடி. ஒவ்வொரு குளிர்காலத்திலும் மேல்பகுதி முழுவதும் காய்ந்துபோகும்; மண்ணுக்குள் இருக்கும் வேர்த்தலை உயிருடன் இருந்து, இளவேனிலில் புது முளைகளை அனுப்பும். நன்றாகப் பேணப்படும் வேர்த்தலை 20 ஆண்டுகள் வரை பலன் தரும் என்பதால், நடும் இடத்தை ஆண்டுக்கொரு முறை மாற்றும் எண்ணத்தோடு தேர்ந்தெடுக்கக் கூடாது. பாகல், புடலை போல இக்கொடிக்குப் பற்றுக்கம்பிகள் இல்லை. தண்டில் உள்ள கொக்கி போன்ற முடிகளால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுற்றி ஏறும். உச்சப் பருவத்தில் ஒரே நாளில் ஒரு சாண் அளவுக்கு மேலும் வளரக்கூடியது. அந்த முடிகள் தோலைக் கீறி எரிச்சலை உண்டாக்கும். ஆகவே கொடியோடு வேலை செய்யும்போது முழுக்கைச் சட்டையும் கையுறையும் அணிவது நல்லது.

ஆண்செடியும் பெண்செடியும் தனித்தனியானவை. பியருக்குத் தேவையான கூம்பு பெண்செடியில் மட்டுமே வரும். விதையிலிருந்து முளைக்கும் செடி எந்தப் பாலினம் என்பது பூக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது என்பதாலும், விதைச்செடி தாயைப் போல இருக்காது என்பதாலும், வளர்ப்போர் அனைவரும் பெண்செடியின் வேர்த்துண்டையோ தண்டுப் போத்தையோ வைத்தே நடுகிறார்கள். அருகில் ஆண்செடி இருந்தால் காற்றில் வரும் மகரந்தத்தால் கூம்புகளில் விதை பிடிக்கும். விதை எடையைக் கூட்டுமே தவிர லுபுலினைக் கூட்டாது. ஜெர்மனியில் ஆண்கொடிகளைத் தேடித் தேடி அகற்றுவதும் இதனால்தான்.

இடமும் பகற்பொழுதும்

உலகின் ஹாப்ஸ் விளைச்சலில் பெரும்பங்கு ஏறத்தாழ 35 முதல் 55 டிகிரி வரையிலான அட்சரேகைகளுக்குள் கிடைக்கிறது. பவேரியாவின் ஹல்லர்டாவ், அமெரிக்காவின் யாக்கிமாப் பள்ளத்தாக்கு, செக் நாட்டின் ஜாடெட்ஸ், இங்கிலாந்தின் கெண்ட், நியூசிலாந்தின் நெல்சன் ஆகியவை அனைத்தும் அந்தப் பட்டைக்குள் அடங்கும். ஜாடெட்ஸும் அதைச் சூழ்ந்த ஹாப்ஸ் நிலப்பரப்பும் 2023-ல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் இடம்பெற்றன.

இந்த எல்லைக்குக் காரணம் பகலின் நீளம். கோடையில் பகல் நீண்டிருக்கும்போது கொடி உயரமாக வளர்கிறது; பகல் குறையத் தொடங்கியதும் பூக்கிறது. நிலநடுக்கோட்டை நெருங்கும்போது கோடைப் பகலே போதிய நீளம் இல்லாததால், கொடி குட்டையாக இருக்கும்போதே பூத்துவிட, விளைச்சல் சொற்பமாகிறது. 34 டிகிரி தெற்கில் உள்ள தென்னாப்பிரிக்காவின் ஜார்ஜ் பகுதியில் ஒரு காலத்தில் தோட்டங்களில் விளக்கெரித்துப் பகலை நீட்டினார்கள். பின்னர் அந்தப் பகல் நீளத்துக்குப் பொருந்தும் ரகங்களை அங்கேயே உருவாக்கினார்கள். குளிர்கால உறக்கம் இல்லாவிட்டால் ஹாப்ஸ் பூக்காது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஒளியைச் சரியாகக் கொடுத்தால் குளிர் இல்லாமலும் பூக்கும் என்று 2019-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எனவே வெப்பமான இடத்தில் வளர்க்க விரும்புபவர் முதலில் யோசிக்க வேண்டியது குளிரூட்டுவதைப் பற்றியல்ல, விளக்கைப் பற்றி.

நாளொன்றுக்குக் குறைந்தது 6 முதல் 8 மணி நேரம் நேரடி வெயில் விழ வேண்டும். மண் ஆழமாகவும் நீர் தேங்காததாகவும், கார அமில நிலை 6-க்கும் 7.5-க்கும் இடையிலும் இருக்க வேண்டும். நீர் தேங்கும் களிமண்ணில் வேர்த்தலை அழுகும். அப்படிப்பட்ட நிலம் மட்டுமே இருந்தால் ஓரடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டி நடுங்கள்.

நடவும் பந்தலும்

ரகத் தேர்வில் முதல் ஆண்டுக்காரருக்கு நான் பரிந்துரைப்பது காஸ்கேட். அமெரிக்க வேளாண் துறையின் ஆராய்ச்சிப் பிரிவும் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் 1972-ல் வெளியிட்ட இந்த ரகம் நன்கு விளையும். அடிச்சாம்பல் நோயை ஓரளவு தாங்கும். சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். சாஸ் போன்ற பழைய ஐரோப்பிய ரகங்கள் அருமையான மணம் உடையவை என்றாலும் விளைச்சல் குறைவு. உயரமான பந்தல் போட இடமில்லாதவர்கள் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்ட ஃபர்ஸ்ட் கோல்டு என்ற குட்டை ரகத்தை இரண்டரை மீட்டர் பந்தலிலேயே வளர்க்கலாம். சிட்ரா, மொசைக் போன்ற புகழ்பெற்ற புதிய ரகங்கள் தனியுரிமை பெற்றவை. உரிமம் இல்லாமல் அவற்றை நட முடியாது. அந்தப் பெயரில் யாரேனும் வேர்த்துண்டு விற்றால் வாங்காதீர்கள்.

உறைபனி நின்றதும், இரண்டு மூன்று முளைக்கணுக்களோடு கூடிய 10 முதல் 15 செ.மீ. நீள வேர்த்துண்டை, முளைகள் மேல்நோக்கி இருக்கும்படி, 5 செ.மீ. ஆழத்தில் படுக்கவைத்து மண்ணால் மூடுங்கள். ஒரே ரகச் செடிகளுக்கு இடையே ஒரு மீட்டர் போதும். வெவ்வேறு ரகங்கள் என்றால் 2 மீட்டராவது இடைவெளி தேவை. இல்லையேல் மண்ணுக்குள் வேர்த்தண்டுகள் ஓடிக் கலந்து, இரண்டாம் ஆண்டில் எது எந்த ரகம் என்றே தெரியாமல் போகும்.

வணிகத் தோட்டங்களில் அமெரிக்காவில் ஏறத்தாழ 5.5 மீட்டர், ஜெர்மனியில் 7 மீட்டர் உயரத்துக்குக் கம்பங்கள் நட்டு மேலே கம்பி இழுக்கிறார்கள். கொடி ஏறுவதற்கு யாக்கிமாவில் தென்னை நார்க் கயிறும் ஜெர்மனியில் மெல்லிய இரும்புக் கம்பியும் தொங்கவிடப்படுகின்றன. வீட்டுத் தோட்டத்தில் 4 முதல் 5 மீட்டர் உயரம் கிடைத்தாலே போதும். கயிறு வழுவழுப்பாக இருக்கக் கூடாது. நைலான் கயிற்றில் கொடி சறுக்கும், நார்க் கயிற்றில் கொக்கி முடிகள் இறுகப் பிடித்துக்கொள்ளும். பழுத்த பருவத்தில் கூம்பும் இலையும் மழை நீரும் சேர்ந்து பந்தலின்மேல் வைக்கும் பாரம் புதியவர்கள் நினைப்பதைவிட மிக அதிகம் என்பதையும், காற்று அதை இன்னும் கூட்டும் என்பதையும் மனத்தில் வைத்துக் கம்பங்களை ஆழமாக ஊன்றுங்கள். மேல்கம்பியை ஒரு கப்பியில் இழுத்துக் கட்டினால் அறுவடைக்கு ஏணி ஏறாமல் கொடியைக் கீழே இறக்கலாம்.

முளை தேர்வும் பராமரிப்பும்

முதலாண்டில் வரும் எல்லா முளைகளையும் வளரவிடுங்கள். அந்த ஆண்டு கொடி வேருக்காக உழைக்கிறது. கூம்பு கொஞ்சம்தான் கிடைக்கும். முழு விளைச்சல் மூன்றாம் ஆண்டில் வரும்.

இரண்டாம் ஆண்டிலிருந்து கவாத்து அவசியம். இளவேனிலில் முதலில் கிளம்பும் முளைகள் பருத்து, உள்ளே கூடாக, வேகமாக நீளும். அவை பார்க்க வலுவாகத் தோன்றினாலும் எளிதில் ஒடிபவை. பக்கக் கிளைகளும் குறைவு. அவற்றைத் தரையோடு வெட்டிவிட்டு, அடுத்து வரும் முளைகளிலிருந்து ஒரு கயிற்றுக்கு இரண்டு அல்லது மூன்றைத் தேர்ந்து, வலஞ்சுழியாகச் சுற்றி விடுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் ஓரிரு நாளில் தானே பிரிந்து விழும். வெட்டிய இளமுளைகளை வீணாக்க வேண்டாம், கீரை போலச் சமைத்து உண்ணலாம்.

கொடி பந்தலின் உச்சியைத் தொடும்வரை தழைச்சத்து நிறையத் தேவை. பூக்கத் தொடங்கும் முன் அதை நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் இடும் தழைச்சத்து இலையைப் பெருக்கி, அசுவினியையும் சாம்பல் நோயையும் வரவேற்கும். தண்ணீரைச் சொட்டுநீராக வேரில் விடுங்கள், இலையில் தெளிக்காதீர்கள்.

கொடி நன்கு ஏறிய பின், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை உள்ள இலைகளையும் பக்கத் தளிர்களையும் உருவிவிடுவது மிக எளிய, மிகப் பயனுள்ள நோய்த் தடுப்பு. அடிச்சாம்பல் நோயின் வித்துகள் மண்ணிலிருந்து தெறிக்கும் நீரோடு கீழ் இலைக்கு ஏறுவதால், ஏணியின் முதல் படியை எடுத்துவிடுவது போன்றது இது. இந்நோய் கண்ட முளை வெளிறி, குட்டையாகி, இலைகள் கீழ்நோக்கிச் சுருண்டு கதிர் போல் நிற்கும். கண்டவுடன் பிடுங்கி எரித்துவிடுங்கள். 1920-களில் ஜெர்மனியின் தோட்டங்களை இந்நோய் அழித்ததுதான் 1926-ல் அங்கே ஹூல் ஹாப்ஸ் ஆராய்ச்சி நிலையம் தோன்றக் காரணம். சாம்பல் நோய் வெள்ளை மாவுத் திட்டாகத் தெரியும். இளங்கூம்பில் வந்துவிட்டால் அந்தக் கூம்பு தேறாது. வறண்ட வெப்பத்தில் செஞ்சிலந்திப் பேன் வரும். வாரம் ஒருமுறை இலையின் அடிப்புறத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்கும் பழக்கம் எந்த மருந்தையும்விட மேலானது.

பறிக்கும் நாள்

வட அரைக்கோளத்தில் ஆகஸ்ட் பிற்பகுதி முதல் செப்டம்பர் வரையிலும், தெற்கில் பிப்ரவரி பிற்பகுதி முதல் ஏப்ரல் தொடக்கம் வரையிலும் கூம்புகள் முதிரும். நாட்காட்டியை நம்பாமல் கூம்பையே கேளுங்கள். பச்சைக் கூம்பை அழுத்தினால் ஈரமாக அமுங்கி அப்படியே கிடக்கும். முதிர்ந்தது சரசரவென்று ஒலித்து, கையை எடுத்ததும் மீண்டு எழும். லுபுலின் வெளிர் மஞ்சளிலிருந்து அழுத்தமான மஞ்சளாக மாறியிருக்கும். மிகத் தாமதித்தால் சில ரகங்களில் வெங்காயம், பூண்டு வாடை ஏறிவிடும்.

கண்ணால் மட்டும் முடிவெடுப்பதைவிட உலர்பொருள் அளவைக் கணக்கிடுவது நம்பகமானது. கொடியின் பல பகுதிகளிலிருந்தும் 100 கிராம் கூம்பு பறித்து, எடை மேலும் குறையாத நிலை வரும்வரை உலர்த்தி எடை போடுங்கள். 22 முதல் 24 கிராம் வரை மிஞ்சினால் பறிக்கலாம். 18 கிராம்தான் மிஞ்சியது என்றால் ஒரு வாரம் பொறுத்து மீண்டும் பாருங்கள்.

கொடியை அறுக்கும்போது தரையிலிருந்து ஒரு மீட்டர் விட்டு அறுங்கள். மிச்சத் தண்டு சிறிது காலம் வேருக்கு உணவு அனுப்பும்.

உலர்த்தல்

பறித்த கூம்பில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதை 8 முதல் 10 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும்; அதுவும் பறித்த சில மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். குவித்து வைத்தால் உள்ளே சூடேறிப் புழுங்கும்.

என் முதல் அறுவடையை நான் இழந்தது இங்கேதான். இரண்டு நாள் உலர்த்திய பின் இதழ்கள் மொரமொரவென்று இருந்தன. ஆயிற்று என்று எண்ணிப் பைகளில் அடைத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது ஈர வைக்கோல் நெடி அடித்தது, நடுவில் சாம்பல் நிறப் பூஞ்சணம் இருந்தது. இதழ் முதலில் காயும், நடுத்தண்டு கடைசியில்தான் காயும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஈரம் தண்டுக்குள் ஒளிந்திருந்து, பை மூடியபின் மெல்ல இதழுக்குப் பரவியது. இப்போது நான் செய்யும் சோதனை இது: கூம்பைப் பிரித்து நடுத்தண்டை மட்டும் எடுத்து வளைக்கிறேன். வளைந்தால் இன்னும் ஈரம் உள்ளது. மெல்லிய ஒலியோடு ஒடிந்தால் போதும்.

தராசு இதைவிடத் துல்லியமாகச் சொல்லும். 500 கிராம் பச்சைக் கூம்பு, உலர்பொருள் 22 சதவீதம் என்று கொள்வோம். அதில் உலர்பொருள் 110 கிராம். இறுதியில் 10 சதவீதம் ஈரம் இருக்க வேண்டும் என்றால் 110-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும்; விடை ஏறக்குறைய 122 கிராம். தட்டின் எடை போக 122 கிராம் வந்ததும் நிறுத்திவிடலாம்.

வணிக உலர்கூடங்களில் 50 முதல் 65 டிகிரி வெப்பக் காற்றை அடியிலிருந்து செலுத்துகிறார்கள். வீட்டில் அவ்வளவு சூடு வேண்டாம். வலை அடித்த சட்டங்களில் 5 செ.மீ. கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, அடியிலிருந்து காற்று ஏறும்படி மின்விசிறி வைத்து, 40 முதல் 50 டிகிரிக்குள் வைத்திருந்தால் மணம் தரும் எண்ணெய்கள் அதிகம் இழக்கப்படாமல் இருக்கும். வெயிலில் காயப்போடாதீர்கள், ஒளி கூம்பை வெளுக்கச் செய்து லுபுலினையும் கெடுக்கும். உலர்ந்த கூம்புகளை ஒரு நாள் ஒன்றாகக் குவித்து மூடி வையுங்கள். அதிகம் காய்ந்தவையும் குறைவாகக் காய்ந்தவையும் ஈரத்தைப் பகிர்ந்து சமநிலைக்கு வரும், இதழ்கள் நொறுங்கி லுபுலின் உதிர்வதும் குறையும். அதன் பின் மீண்டும் ஒரு முறை தண்டை ஒடித்துப் பாருங்கள்.

சேமிப்பும் வில்லையாக்கலும்

ஹாப்ஸுக்குப் பகை மூன்று: காற்று, சூடு, ஒளி. காற்று புகாத உலோகத்தாள் பையில், உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி மூடி, கழித்தல் 18 டிகிரி உறைபெட்டியில் வையுங்கள். பையைத் திறக்கும்போது பாலாடைக்கட்டி போன்ற புளித்த வாடை வந்தால் பிசின் காற்றோடு சேர்ந்து கெட்டுவிட்டது என்று பொருள். ரகத்தின் பெயர், பறித்த நாள், எடை ஆகியவற்றைப் பையின்மேல் அப்போதே எழுதிவிடுங்கள்.

தொழிற்சாலைகளில் உலர்ந்த கூம்பை அரைத்து, துளையிட்ட அச்சு வழியே அழுத்தி வில்லைகளாக்குகிறார்கள். 100 கிலோவிலிருந்து ஏறத்தாழ 90 கிலோ கிடைப்பதால் டி-90 என்று பெயர் வந்தது. டி-45 வில்லைக்கு, பிசின் ஒட்டாத அளவு கடுங்குளிரில் அரைத்துச் சலித்து, இலைப்பகுதியைக் குறைத்து லுபுலினைச் செறிவாக்குகிறார்கள். வில்லை இடத்தை மிச்சப்படுத்தும், காற்றும் குறைவாகப் படும். ஆனால் சிறு அளவில் செய்யும்போது அச்சின் உராய்வுச் சூடே எண்ணெயைத் துரத்திவிடும் என்பதால், வீட்டில் வளர்ப்பவர் முழுக் கூம்பாகவே வைத்துக்கொள்வது மேல்.

கொதிகலத்தில்

ஆல்ஃபா அமிலம் அப்படியே தண்ணீரில் கரைவதில்லை. கொதிக்கும்போது அதன் அமைப்பு மாறிக் கரையும் வடிவம் பெறுகிறது. அதனால்தான் கசப்புக்கான ஹாப்ஸை ஒரு மணி நேரம் கொதிக்க விடுகிறார்கள். எண்ணெய்களோ ஆவியாகிவிடுபவை, எனவே மணத்துக்கான ஹாப்ஸ் கொதியின் கடைசி நிமிடங்களிலோ நொதித்தலுக்குப் பின்னரோ சேர்கிறது. 6 சதவீத ஆல்ஃபா அமிலம் உள்ள 30 கிராம் ஹாப்ஸில் 1.8 கிராம் அமிலம் உள்ளது. ஒரு மணி நேரக் கொதியில் அதில் கால் பங்கு பியரில் தங்கும் என்று கொண்டால் 450 மில்லிகிராம். 20 லிட்டரில் பகிர்ந்தால் லிட்டருக்கு 22.5 மில்லிகிராம், அதாவது ஏறக்குறைய 22 கசப்பு அலகு.

வீட்டுக் கூம்பின் ஆல்ஃபா அளவு ஆய்வகத்தில் சோதிக்காமல் தெரியாது. அது ஆண்டுக்கு ஆண்டு மாறவும் செய்யும். எனவே கசப்புக்கு அளவு குறிக்கப்பட்ட ஹாப்ஸையும் மணத்துக்கு உங்கள் கூம்பையும் பயன்படுத்துங்கள். உலர்த்தாமல் பச்சையாகவே போடுவதானால் எடையில் ஐந்து மடங்கு போட வேண்டும், பறித்த அன்றே போட வேண்டும். ஓர் எச்சரிக்கை: ஹாப்ஸ் நாய்களுக்குக் கொடிய நஞ்சு. உடல் சூடு கட்டுக்கடங்காமல் ஏறி உயிர்போகும் அளவுக்கு ஆபத்தானது. கொதித்து வடித்த சக்கையை மட்குக் குழியில் போட்டால் நாய் எட்டாதபடி மூடுங்கள்.

புது ரகம் எடுக்க விரும்பினால்

1916-ல் கனடாவின் மனிடோபாவில் மார்டன் என்ற ஊரிலிருந்து ஒரு காட்டு ஹாப்ஸின் போத்து இங்கிலாந்தின் ‘வை’ (Wye) என்ற வேளாண் கல்லூரிக்கு வந்தது. அங்கே பேராசிரியர் எர்னஸ்ட் ஸ்டான்லி சால்மன் அதை வளர்த்து, அதன் விதையில் முளைத்த செடிகளிலிருந்து தேர்ந்தெடுத்த ஒன்றை 1934-ல் ப்ரூவர்ஸ் கோல்டு என்ற பெயரில் வெளியிட்டார். இன்றைய உயர் ஆல்ஃபா ரகங்கள் பலவற்றின் வம்சாவளி அந்த ஒரு காட்டுக் கொடிக்குப் போய்ச் சேர்கிறது. இந்த வேலைக்கு எவ்வளவு பொறுமை தேவை என்பதை இந்த இடைவெளியே காட்டும்.

செய்முறை கடினமானதல்ல. பெண்பூவின் வெண்ணிறச் சூல்முடிகள் வெளிவரும் முன்னரே ஒரு பக்கக் கிளையைக் காகிதப் பையால் மூடிக் கட்டுங்கள். ஆண்பூங்கொத்தையும் வேறொரு பையால் மூடி, பூ விரிந்ததும் தட்டி மகரந்தத்தைச் சேகரியுங்கள். சூல்முடிகள் நன்கு நீண்டதும் மகரந்தத்தைப் பெண்பூவின் பைக்குள் தூவிக் குலுக்கி, சூல்முடிகள் உதிரும்வரை பையைக் கட்டியே வையுங்கள். கூம்பு பழுப்பானதும் விதைகளை எடுத்து, ஈர மணலில் கலந்து, 4 டிகிரி குளிரில் ஆறு வாரமாவது வைத்தால்தான் சீராக முளைக்கும்.

முளைப்பவற்றில் ஒவ்வொன்றும் தனிப்பிறவி. ஒரே கூம்பின் இரண்டு விதைகள் ஒன்றுபோல் இரா. ஆண்செடிகளும் கணிசமாக இருக்கும். நாற்றுப் பருவத்திலேயே நோயுற்ற செடியின் அருகே வைத்து, தாக்குப் பிடிக்காதவற்றைக் கழித்துவிடுங்கள். முளைத்த ஆண்டின் கூம்பை வைத்து எந்தச் செடியையும் புகழவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். மூன்று அறுவடை பார்த்த பின் முடிவு செய்யுங்கள். விதையே பிடிக்காத ரகம் வேண்டுமானால் கோல்சிசின் மருந்தால் நான்மயமாக்கிய (குரோமோசோம் தொகுதியை இரண்டிலிருந்து நான்காக்கிய) தாயை இருமய ஆணோடு சேர்த்து மும்மயச் செடி எடுக்கிறார்கள். ஃபகிள் என்ற ரகத்தின் வழிவந்த வில்லமெட் ரகம் அப்படிப் பிறந்ததுதான். அது ஆய்வகத்தின் வேலை, தோட்டத்தில் செய்யக்கூடியதல்ல.

மூன்றாம் அறுவடையிலும் மனத்துக்குப் பிடித்த செடி ஒன்று மிஞ்சினால், அதன் இளந்தண்டில் ஒரு கணு, இரண்டு இலைகளோடு போத்துகள் வெட்டி, ஈரமான நிழலில் வேர்விடச் செய்து, வேறு மூலையில் ஐந்தாறு செடிகளாக நடுங்கள். புதியவை வேரூன்றி ஒரு குளிர்காலத்தைக் கடக்கும்வரை தாய்ச்செடியைத் தோண்டாதீர்கள்.